போக்கிமானுக்குள் இருக்கும் பூச்சி வேட்டை: ஒரு சிறுவயதுப் பொழுதுபோக்கு விளையாட்டாக மாறிய விதம்

கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் வீடியோ விளையாட்டான போக்கிமானின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடிப்பார், அதிலிருந்துதான் இந்த விளையாட்டு பிறந்தது. தவறில்லை. ஆனால் அந்த வரியை மட்டும் நம்பி முதல் விளையாட்டைத் திறந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான சிவப்பு, பச்சைப் பதிப்புகளில் மொத்தம் 151 உயிரினங்கள். அவற்றில் பூச்சி வகை 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டிலும் பெரும்பாலானவை சோதா. எதிரிக்குச் சேதம் தரும் பூச்சி வகைத் தாக்குதல்கள் விளையாட்டு முழுவதிலும் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்றான லீச் லைஃபின் பலம் வெறும் 20. நெருப்புக்கும் நீருக்கும் 120 வரை பலமுள்ள தாக்குதல்கள் உண்டு. பூச்சிப் பித்தர் ஒருவர் செய்த விளையாட்டில் பூச்சிகளுக்கு ஏன் இந்தக் கதி?

தஜிரி விளையாட்டுக்குள் கொண்டுவந்தது பூச்சிகளைப் பிடித்து, வைத்திருந்து, நண்பனிடம் மாற்றிக்கொள்ளும் வேலையை. எந்த உயிரினத்தைப் பிடிக்கிறோம் என்பது அதற்கு அடுத்ததுதான். ஒரு விளையாட்டில் ஆடுபவர் திரும்பத் திரும்பச் செய்யும் சில செயல்கள் இருக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இதைக் கோர் லூப் என்பார்கள். சென்று தேடுவது, கண்டதைப் பிடிப்பது, பிடித்ததைக் குறித்துவைப்பது, இல்லாததை இன்னொருவரிடம் மாற்றிக்கொள்வது, பிறகு மீண்டும் தேடப் போவது. போக்கிமானின் கோர் லூப் இவ்வளவுதான். பூச்சி பிடிக்கும் ஜப்பானியச் சிறுவனின் கோடை விடுமுறையும் இவ்வளவுதான்.

மச்சிதாவின் வண்டுகள்

தஜிரி பிறந்தது 1965 ஆகஸ்ட் 28 அன்று. வளர்ந்தது டோக்கியோவின் மேற்குப் புறநகரான மச்சிதாவில். அப்போது அங்கே வயல், குளம், சிறு காடுகள் எல்லாம் இருந்தன. உடன் விளையாடிய பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டாக்டர்'.

ஜப்பானில் பூச்சி பிடிப்பது ஒரு சிலரின் விசித்திரப் பழக்கமல்ல, கோடைக்கால வழக்கம். அங்கே மதிப்பு மிக்கவை இரண்டு: கொம்புள்ள கபுதோமுஷி என்னும் காண்டாமிருக வண்டு, இடுக்கி போன்ற தாடைகள் கொண்ட குவகத்தா வண்டு. இரண்டும் குனுகி என்ற ஓக் வகை மரத்தில் கசியும் சாற்றை உண்ண இரவில் வரும். சாறு கசியும் மரம் கிடைக்காவிட்டால் நாமே இரை வைக்க வேண்டியதுதான். பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் கொஞ்சம் ஷோச்சு மதுவும் கலந்து, புளிக்கவிட்டு, நைலான் காலுறையில் கட்டி மாலையில் மரத்தில் தொங்கவிடுவார்கள். விடியுமுன் போய்ப் பார்க்க வேண்டும். தாமதித்தால் வண்டு போயிருக்கும். அல்லது வேறு பையன் எடுத்துப் போயிருப்பான். பட்டையில் தேன் பூசுவது இதைவிட எளிய முறை.

தஜிரி 1999இல் ஒரு பேட்டியில் சொன்ன உத்தி வேறு. வண்டு பகலில் தூங்கும், தூங்குவதற்குக் கல்லடியை விரும்பும் என்று கவனித்து, மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிடுவாராம். மறுநாள் காலை கல்லைத் தூக்கினால் போதும். எல்லோரும் உணவை வைத்துக் காத்திருந்தபோது இவர் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார். சில வண்டுகள் மற்ற வண்டுகளைத் தின்னும் என்பதும், ஒரே ஜாடியில் போடக்கூடாது என்பதும் போட்டுப் பார்த்தபிறகு தெரிந்தது. எது எங்கே இருக்கும், எப்போது வரும், எதோடு சேராது என்ற இந்த அறிவுதான் பின்னால் விளையாட்டின் அடிப்படை ஆனது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்து இலை போட்டு வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பிறகு நகரம் வளர்ந்தது. வயல்கள் வீடுகளாயின, மீன் பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் வந்தது. 1978இல் வெளியான ஸ்பேஸ் இன்வேடர்ஸ் தஜிரியைப் பிடித்துக்கொண்டது. இந்த மாற்றத்தைச் சோகக் கதையாகச் சொல்வது வழக்கம். அவரிடம் நடந்ததென்னவோ இடமாற்றம் மட்டுமே: பூச்சிகளிடம் காட்டிய அதே துருவும் புத்தியை இயந்திரங்களிடம் காட்டினார். 1983இல் கேம் ஃப்ரீக் என்ற கையெழுத்து இதழைத் தொடங்கி, விளையாட்டுகளில் எது எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படி ஜெயிப்பது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுத் தேடி வந்து சேர்ந்த ஓவியர் கென் சுகிமோரி. 1989இல் அதே பெயரில் நிறுவனம். அதன் முதல் விளையாட்டு குவிண்டி அதே ஆண்டில் வந்தது.

கேபிளில் நடந்து போன உயிர்

1989 ஏப்ரலில் நிண்டெண்டோ கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. இரண்டு கருவிகளை இணைக்க ஒரு கேபிளும் உண்டு. டெட்ரிஸ் போன்ற விளையாட்டுகள் அந்தக் கேபிளை மோதுவதற்கே பயன்படுத்தின: உன் புள்ளி, என் புள்ளி, யார் தோற்றார். தஜிரிக்குத் தோன்றியது வேறு. அந்தக் கம்பி வழியாக ஒரு உயிர் இந்தக் கருவியிலிருந்து அந்தக் கருவிக்குப் போவதாக அவர் கற்பனை செய்தார்.

இதற்குத் துணையாக இன்னொரு மனக்குறையும் இருந்தது. டிராகன் குவெஸ்ட் 2 விளையாட்டில் ஒரு மாயத் தொப்பி அரிதாகவே கிடைக்கும். தஜிரிக்கு எவ்வளவு ஆடியும் வரவில்லை; சுகிமோரிக்கு இரண்டு வந்துவிட்டன. ஒன்றை வாங்கிக்கொள்ள வழியில்லை. இருவரின் விளையாட்டும் தனித்தனி உலகங்கள். வண்டு என்றால் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

1990இல் 'கேப்சூல் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் திட்டம் நிண்டெண்டோவிடம் போனது. காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரங்களும், அல்ட்ரா செவன் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் சிறு கேப்சூலுக்குள் அசுரர்களை வைத்திருந்ததும் அந்தப் பெயருக்குப் பின்னால் உண்டு. வணிகக்குறிச் சிக்கலால் பெயர் 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' ஆனது. முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் காசு வேண்டி நிறுவனம் யோஷி, மரியோ அண்ட் வாரியோ, பல்ஸ்மேன் எனப் பிற விளையாட்டுகளைச் செய்து கொடுத்தது. தயாரிப்பாளர் ட்சுனெகாசு இஷிஹாராவும் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவும் கைகொடுக்காமல் இருந்திருந்தால் இது அலமாரியிலேயே இருந்திருக்கும்.

இனி அந்தப் பொழுதுபோக்கின் ஒவ்வொரு பகுதியும் விளையாட்டில் எந்த எண்ணாக, எந்த விதியாக மாறியது என்று பார்க்கலாம். கீழே உள்ள கணக்குகள் 1998இல் அமெரிக்காவில் வெளியான சிவப்பு, நீலப் பதிப்புகளுக்கு உரியவை.

தேடுவது

புல்லில் கால் வைத்தால் ஏதாவது எதிர்ப்படலாம், படாமலும் போகலாம். ஒவ்வோர் அடிக்கும் விளையாட்டு 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. அந்த இடத்துக்கென்று ஒதுக்கிய எண்ணைவிட அது குறைவாக இருந்தால் உயிரினம் வரும். தொடக்கப் பாதையில் அந்த எண் 25; சராசரியாகப் பத்தடிக்கு ஒருமுறை எதிர்ப்படும். அடுத்து வரும் விரிடியன் காட்டில் 8 மட்டுமே. அதாவது 32 அடிக்கு ஒன்று. காடு முழுக்கப் புல், அதைச் சுற்றிப்போக வழியில்லை; பத்தடிக்கு ஒன்று வந்தால் ஆடுபவர் எரிச்சலில் மூடிவைத்துவிடுவார். அடர்ந்த இடத்தில் விகிதத்தைக் குறைத்தது நல்ல கணிப்பு.

ஏதோ ஒன்று வரும் என்று முடிவான பிறகு, எது வரும் என்பது இரண்டாவது குலுக்கல். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து வரிசைகள் கொண்ட பட்டியல் உண்டு. வாய்ப்புகள் தோராயமாக 20, 20, 15, 10, 10, 10, 5, 5, 4, 1 விழுக்காடு. ஓர் இடத்தில் சாதாரணமான உயிரினம் மேல் வரிசைகளில், அரியது கடைசியில். சிவப்புப் பதிப்பின் விரிடியன் காட்டில் மேல் வரிசைகளில் வீடில் என்ற புழுவும் அதன் கூட்டுப்புழுவும். கடைசி இரண்டு வரிசைகளில் பிகாச்சு என்ற அரிய உயிரினம். இரண்டும் சேர்ந்து 256இல் 14 பங்கு. கணக்குப் போட்டால், 18 சந்திப்புக்கு ஒருமுறை. சந்திப்புக்கு 32 அடி. ஆக ஒரு பிகாச்சுவைப் பார்க்கச் சராசரியாக 580 அடிக்கு மேல் நடக்க வேண்டும். அங்கே பிகாச்சு உண்டு என்று நண்பன் சொல்லாதவரை பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பார்க்காமலேயே காட்டைக் கடந்துவிடுவார்கள். சாறு கசியும் மரம் எது என்று சொல்லத் தெரிந்த பையனுக்கு மச்சிதாவில் எவ்வளவு மதிப்பு இருந்திருக்குமோ அவ்வளவு மதிப்பு பள்ளி இடைவேளையில் இந்தத் தகவலுக்கு.

பிடிப்பது

வலையை வீசினால் எல்லாம் மாட்டுவதில்லை. விளையாட்டில் வலைக்குப் பதில் பந்து. எறியுமுன் நம்மிடம் இருக்கும் உயிரினத்தைச் சண்டையிட வைத்து எதிரியின் உயிரைக் குறைக்கலாம், தூங்கவும் வைக்கலாம். அது இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

ஒவ்வோர் இனத்துக்கும் பிடிபடும் எண் ஒன்று உண்டு. கேட்டர்பை என்ற பச்சைப் புழுவுக்கு 255, பிகாச்சுவுக்கு 190, எலக்டாபஸ்ஸுக்கு 45, மியூடூவுக்கு 3. போக்கி பால் என்ற சாதாரணப் பந்தை எறிந்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் குலுக்கப்படும். அதைவிட உயர்ந்த பந்தான கிரேட் பால் என்றால் 200 வரை, அல்ட்ரா பால் என்றால் 150 வரை. குலுக்கிய எண் பிடிபடும் எண்ணைவிட அதிகமானால் தப்பிவிடும். இது முதல் சோதனை. உயிரினம் தூங்கினாலோ உறைந்திருந்தாலோ குலுக்கிய எண்ணிலிருந்து 25 கழியும். விஷம், தீக்காயம், முடக்கம் என்றால் 12. கழித்ததில் சுழிக்குக் கீழே போனால் இரண்டாம் சோதனையே இல்லை, பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் சோதனை எஞ்சியிருக்கும் உயிரைப் பார்க்கிறது. உயிர் முழுமையாக இருந்தால் மூன்றில் ஒரு வாய்ப்பு. உயிர் குறையக் குறைய வாய்ப்பு ஏறும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் இந்தச் சோதனை உறுதியாகத் தேறிவிடும். அதற்குமேல் அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. இங்கேதான் புதியவர்கள் சொதப்புவார்கள். சிவப்புக் கோடு தெரியும்வரை அடித்து, ஓர் அடி கூடிப்போய், அரியது மயங்கி விழுந்துவிடும். கிரேட் பாலுக்கு இந்த வரம்பு பாதி உயிரிலேயே வந்துவிடுகிறது.

பிடிபடும் எண் 45 உள்ள எலக்டாபஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முழு உயிரோடு விழித்திருக்கும்போது போக்கி பால் எறிந்தால் வாய்ப்பு சுமார் 6 விழுக்காடு. உயிரை மூன்றில் ஒன்றாக்கினால் 18. தூங்கவும் வைத்தால் 28. ஒரே பந்து, ஆனால் முன்னேற்பாட்டால் நான்கரை மடங்கு வித்தியாசம். எறிந்த பந்து குலுங்கும்போது பி பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பிடிபடும் என்று உலகெங்கும் பிள்ளைகள் நம்பினார்கள். பந்து எறிந்த கணத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. பொத்தானுக்கு அதில் வேலையில்லை.

சண்டையே போடாமல் பிடிக்கும் இடம் ஒன்றும் உண்டு: சஃபாரி ஸோன். நுழைவுக் கட்டணம் 500, கொடுப்பது 30 பந்துகள், நடக்கச் சுமார் 500 அடிகள். இரை போட்டால் உயிரினம் ஓடாமல் நிற்கும், ஆனால் பிடிபடுவது கடினமாகும். கல்லெறிந்தால் பிடிபடுவது எளிதாகும், ஆனால் ஓடிவிடும் வாய்ப்பும் கூடும். முதல் விளையாட்டிலேயே அசல் பூச்சி வேட்டைக்கு மிக அருகில் நிற்பது இந்தப் பகுதிதான். பின்சர் என்னும் குவகத்தாவையும், ஸ்கைதர் என்னும் கும்பிடுபூச்சியையும் இங்கேதான் வைத்திருக்கிறார்கள். சிவப்பில் ஸ்கைதர் மட்டும், நீலத்தில் பின்சர் மட்டும்.

குறித்துவைப்பது

பிடித்த பூச்சிக்குப் பெயர், இடம், அளவு எழுதிவைக்கும் கோடை விடுமுறை நோட்டுதான் போக்கிடெக்ஸ். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் உயிரினத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிலை, பிடித்திருந்தால் இன்னொரு நிலை. பார்த்ததற்குப் பெயரும் உருவமும் வாழும் இடமும் தெரியும். எடை, உயரம், குறிப்பு எல்லாம் பிடித்தால்தான் திறக்கும். வரிசை எண்களுக்கு நடுவே வெற்றுக் கோடுகள் தெரிந்துகொண்டே இருப்பதால், என்ன இல்லை என்பது எப்போதும் கண்ணில் உறுத்தும்.

ஒரே இனத்திலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. தாக்கும் திறன், தற்காப்பு, வேகம், சிறப்புத் திறன் ஆகிய நான்குக்கும் பிறக்கும்போதே 0 முதல் 15 வரை ஓர் எண் ஒதுக்கப்படுகிறது. இந்த எண்கள் திரையில் தெரியாது. மொத்தம் 65,536 விதமான சேர்க்கைகள். என் வண்டு உன் வண்டைவிடப் பெரியது என்று அளந்து பார்க்கும் பழக்கத்துக்கு இந்தக் கருவியில் இதுதான் வடிவம். இத்தனையும் ஒரு உயிரினத்துக்கு 44 பைட் இடத்தில் அடங்கின. 8 கிலோபைட் நினைவகமும் 160 க்கு 144 புள்ளிகள் கொண்ட திரையும் உள்ள கருவியில் அதற்குமேல் ஆடம்பரம் கிடையாது.

மாற்றிக்கொள்வது

தேடல், பிடித்தல் இரண்டும் மற்ற விளையாட்டுகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்தன. போக்கிமானைத் தனியாக நிறுத்தியது இந்தப் பகுதி. அதற்கு வடிவமைப்பாளர்கள் செய்த காரியம் சற்றுக் கொடூரமானது: கேம் பாயில் செருகும் விளையாட்டு அட்டையான கேட்ரிட்ஜ் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஓட்டை போட்டார்கள்.

எண்ணிப் பார்க்கலாம். சிறப்புப் பரிசான மியூவை விட்டால் 150 உயிரினங்கள். சிவப்புப் பதிப்பில் 11 இனங்கள் வரவே வராது. தொடக்கத்தில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற இரண்டும் அவை வளர்ந்து மாறும் வடிவங்களுமாக 6 போய்விடும். இரண்டு புதைபடிவங்களில் ஒன்றை எடுத்தால் இன்னொன்றின் வரிசையில் 2 போகும். சண்டைக்கார உயிரினங்கள் இரண்டில் ஒன்றை எடுத்தால் 1. ஈவி என்ற உயிரினம் ஒன்றே ஒன்று கொடுக்கப்படும், அது மூன்றில் ஒன்றாகத்தான் மாறும், அதில் 2. மேலும் கடாப்ரா, மசோக், கிராவெலர், ஹான்டர் ஆகிய நான்கும் இன்னொரு கருவிக்கு அனுப்பப்பட்டால்தான் அடுத்த நிலைக்கு வளரும், அதில் 4. கூட்டினால் 26. தனியாக ஆடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 124க்கு மேல் போக முடியாது. நண்பன் இல்லாமல் நோட்டு நிறையாது.

முதலில் தஜிரி நினைத்தது இன்னும் தீவிரமானது. ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்கும் 65,536இல் ஓர் அடையாள எண் விழும். அந்த எண்ணைப் பொறுத்து ஒவ்வொருவரின் உலகமும் வேறுபடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் வாங்க வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவது? புரியாது என்று சொல்லி, வித்தியாசத்தை நிறத்தில் காட்டிவிடும்படி யோசனை சொன்னவர் மியாமோட்டோ. சிவப்பு, பச்சை என்று இரண்டு பெட்டிகள். பார்த்த கணத்தில் உன்னுடையது வேறு, என்னுடையது வேறு என்று தெரிந்துவிடும். அடையாள எண் மறையவில்லை. ஒவ்வொரு உயிரினமும் தன்னை முதலில் பிடித்தவரின் எண்ணையும் பெயரையும் சுமந்து திரிகிறது. வாங்கிய உயிரினம் ஒன்றரை மடங்கு வேகமாக அனுபவம் சேர்க்கும். ஆனால் விளையாட்டில் வென்று சேர்க்கும் பேட்ஜுகள் போதிய அளவு இல்லாமல் லெவல் உயர்ந்த ஒன்றை வாங்கினால் அது சொன்ன பேச்சைக் கேட்காது. அண்ணனிடமிருந்து லெவல் 100 வாங்கிக்கொண்டு ஊரை ஜெயிக்கப் புறப்படும் தம்பிக்கு வைத்த தடை இது.

கேபிளின் வேகம் நொடிக்குச் சுமார் ஒரு கிலோபைட். இரு பக்கமும் ஆறாறு உயிரினங்களின் முழு விவரத்தையும் முதலில் பரிமாறிக்கொள்ளும், பிறகுதான் தேர்வு. மாற்றம் முடிந்ததும் இரு கேட்ரிட்ஜும் தனித்தனியே சேமிக்கும். ஒன்று சேமித்து, மற்றது சேமிக்கும் முன் கேபிளைப் பிடுங்கினாலோ பேட்டரி தீர்ந்தாலோ வினோதம்: கொடுத்த இரண்டில் ஒன்று இரு கருவிகளிலும் இருக்கும், மற்றது எதிலும் இருக்காது. இதை வைத்தே நகல் எடுத்த பிள்ளைகள் உண்டு. ஜப்பானியப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் இணைப்பது அதைவிட ஆபத்து. ஜப்பானிய எழுத்தில் பெயருக்கு 5 இடம், ஆங்கிலத்தில் 10. நீளம் மாறுவதால் அடுத்தடுத்த விவரங்கள் இடம் பெயர்ந்து, சேமித்தது முழுவதும் குப்பையாகலாம்.

மியூவின் கதை இங்கே வருகிறது. வேலை முடியும் தறுவாயில் பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியதும் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. அதில் ஷிகெகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் 151ஆவது உயிரினத்தைச் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டார். முறைப்படி யாருக்கும் கிடைக்காது. பிழை வழியாகச் சிலருக்குத் தென்பட, வதந்தி கிளம்பியது. 1996இல் கொரோகொரோ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மியூ தருவதாக அறிவித்தது. சுமார் 78,000 விண்ணப்பங்கள் குவிந்தன. நிதானமாக விற்றுக்கொண்டிருந்த விளையாட்டு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்றன.

விட்டதும், பிறகு வந்து சேர்ந்ததும்

பொழுதுபோக்கை அப்படியே அள்ளி விளையாட்டில் போட முடியாது. கபுதோமுஷி வளர்ந்த வண்டாக ஒரு கோடைக்கு மேல் தாங்காது. விளையாட்டில் எதுவும் சாவதில்லை. மயங்கும், மருத்துவமனையில் இலவசமாகத் தேறும். ஆட்டத்தில் தோற்பதைச் சாவு என்று பிள்ளைகள் எண்ணிப் பழகுவது சரியல்ல என்பதால் இதில் கவனமாக இருந்ததாகத் தஜிரி சொல்லியிருக்கிறார். காத்திருப்பும் முதல் விளையாட்டில் இல்லை. இரவு பகல் கிடையாது, எப்போது போனாலும் அதே பட்டியல். பூச்சி பிடிப்பவருக்கு இது பெரிய இழப்பு.

அந்த இழப்பைப் பின்வந்த பதிப்புகள் ஒவ்வொன்றாக ஈடு செய்தன. தொடரின் அடுத்தடுத்த விளையாட்டுகளைப் பூச்சிக் கண்ணோடு பார்ப்பது சுவையான வேலை. 1999 நவம்பரில் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளின் கேட்ரிட்ஜுக்குள் உண்மையான கடிகாரம் ஓடியது. காலையில் லெடிபா என்னும் பொறிவண்டு, இரவில் ஸ்பினராக் என்னும் சிலந்தி. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி: 20 பந்து, 20 நிமிடம், கடைசியில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், முதல் பரிசு சன் ஸ்டோன். மரத்தில் தலையால் முட்டினால் மேலிருந்து உயிரினம் விழும்; மரத்தை உதைத்து வண்டு உதிர்ப்பது போலவே. கபுதோமுஷியான ஹெராகிராஸ் இப்படித்தான் கிடைக்கும். எந்த மரத்தில் நல்லது விழும் என்பது ஆடுபவரின் அடையாள எண்ணைப் பொறுத்தது. உங்கள் மரமும் நண்பனின் மரமும் ஒன்றல்ல. மியாமோட்டோ ஒதுக்கிவைக்கச் சொன்ன பழைய யோசனை பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

2002இல் நின்கடா என்ற சில்வண்டுக் குஞ்சு வந்தது. லெவல் 20இல் அது வளரும்போது உங்கள் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தால், கழற்றிப்போட்ட கூடும் ஷெடின்ஜா என்ற தனி உயிரினமாக வந்து உட்காரும். அதன் உயிர் எப்போதும் 1 மட்டுமே. ஆறு இடத்தையும் நிரப்பி வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று விளையாட்டு சொல்லவும் சொல்லாது. சில்வண்டின் கூட்டை மரத்தில் பார்த்தவர் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும்.

2006இன் டைமண்ட், பேர்ல் பதிப்புகளில் கடைசியாகத் தேனும் வந்துவிட்டது. 21 மரங்களில் தேன் பூசலாம். பூசிவிட்டு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் தாண்டினால் வந்தது போய்விடும். வீணாக்குபவர்கள் இரண்டு தவறு செய்வார்கள்: அரைமணிக்கொருமுறை போய்ப் பார்ப்பது, அல்லது இரவு பூசிவிட்டு மறுநாள் இரவு மறந்துவிடுவது. படுக்கப்போகும் முன் பூசிவிட்டு விடிந்ததும் பார்ப்பதே வசதி. மஞ்ச்லாக்ஸ் என்ற அரிய உயிரினம் 21இல் 4 மரங்களில் மட்டும் வரும். எந்த நான்கு என்பது மறுபடியும் அடையாள எண்ணின் கையில். 2016இல் வந்த போக்கிமான் கோ இன்னும் ஒரு படி போய், ஆடுபவரையே வீட்டைவிட்டு வெளியே நடக்க வைத்தது.

பழைய கேட்ரிட்ஜில் இதையெல்லாம் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. சேமித்த விவரம் உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரியை நம்பியே நிற்கிறது. தீர்ந்தால் எல்லாம் போகும். தங்கம், வெள்ளியில் கடிகாரமும் அதே பேட்டரியை உறிஞ்சுவதால் அவை முதல் பதிப்புகளுக்கு முன்பே உயிரை விடும். தங்கம், வெள்ளியில் இருப்பது சிஆர்2025 வகைப் பேட்டரி. இணைப்புத் தகடுகள் பற்றவைத்த பேட்டரியாகக் கேட்டு வாங்கி, ஈயப்பற்று வைத்தே மாற்ற வேண்டும். ஒட்டுநாடாவால் ஒட்டினால் சில வாரங்களில் தொடர்பு விட்டுப்போய், மறுபடி முதல் ஊரிலிருந்து தொடங்க நேரும். பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியே சேமித்தது அழிந்துவிடும். ஆகையால் உள்ளே அரியது ஏதாவது இருந்தால், திருகைக் கழற்றுமுன் கேட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் கருவியால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லையென்றால், கேபிளையும் இன்னொரு கேம் பாயையும் தேடிப்பிடித்து நண்பனின் கேட்ரிட்ஜுக்கு அவற்றை அனுப்பி வையுங்கள்.